டிரைவர் இன்னும் ஏறல

இல்லண்ணா, பவர் பட்டனைத் தட்டாதீங்க, கம்ப்யூட்டர் ஆன்லதான் இருக்கு. கருப்பா இருக்கேன்னு பாக்காதீங்க. கொஞ்சம் பொறுத்தா மேல மூலையில ஒரு சின்னக் கோடு வந்து கண்ணடிக்கும். நேத்து காலையிலேர்ந்து அதேதான். இந்த வீட்டுல என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறது அது ஒண்ணுதான்னு வச்சுக்கோங்களேன். சிரிங்க, பரவாயில்ல. இப்போதைக்கு யாரும் கேக்கல.

ஆமா, லினக்ஸ்தான். என் வீட்டுக்காரர் போட்டது. விண்டோஸ்னா யார் வேணா உள்ள பூந்து நோண்டிடுவாங்களாம். அவர் வேலையா வெளியூர் போயிருக்கார், நாளைக்குக் காலையில வந்துடுவார். அதுக்குள்ள சரியாயிருக்கணும். உங்க கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாரே? என்கிட்டயும் சொன்னார். என்கிட்ட சொன்ன விதம் வேற.

என்னாச்சுன்னா, அப்டேட் வந்திருக்கு, போடவான்னு கேட்டுச்சு. போடுன்னார், போட்டேன். அணைஞ்சு எழுந்தா படம் வரல. லினக்ஸுக்கு அடிப்படையான கெர்னல் புதுசு, படம் காட்டற கிராபிக்ஸ் கார்டை இயக்கற டிரைவர் பழைய கெர்னலுக்குன்னு கட்டினது, ரெண்டுக்கும் ஒத்துப்போகல. நான் எப்படிச் சொல்றேனா? கருப்பாகறதுக்கு முன்னாடி வரிவரியா எழுத்து ஓடுச்சுல்ல, படிச்சேன். கான்வென்ட்ல சிஸ்டருங்க வேற என்ன கத்துக்குடுத்தாங்களோ இல்லையோ, கேள்வியை ரெண்டு தடவை படிக்காம பதில் எழுதாதேன்னு மண்டையில ஏத்தி அனுப்பினாங்க.

நேத்து சாயங்காலம் படம் இல்லாம எழுத்து மட்டும் வர்ற திரையைத் திறக்க வச்சு, அவர் போன்ல ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். பழைய டிரைவரை எடுத்துட்டுப் புதுசு போட்டோம். ஒரு எரரும் வரல. ஆனா நடுவுல ஒரு இடத்துல ஸ்பேஸ் விட மறந்துட்டேன். அதுக்கு அவர் பேசின பேச்சு இருக்கே, அதை வேண்டாம் விடுங்க. பாப்பா மடியில இருந்தா, நான் அவ காதைப் பொத்திக்கிட்டேன்.

பாப்பா கையா? மாவுக்கட்டு. போன வாரம் சோஃபாலேர்ந்து விழுந்துட்டா. டாக்டர்கிட்ட அவர்தான் சொன்னார், விழுந்துட்டான்னு. நான் அப்போ குளிச்சிட்டிருந்தேன். வெளிய வந்து பாத்தா கை ஒரு மாதிரி தொங்குது. அழவே இல்லண்ணா. ரெண்டு வயசுக் குழந்தை, அழாம அவரையே பாத்துட்டு உக்காந்திருக்கா. நல்லா அழுதிருந்தா நானும் விழுந்துட்டான்னுதான் நம்பியிருப்பேன்.

நீலமா ஒரு திரையா? ம். வந்துச்சு. புது டிரைவரை இந்த மெஷின் நம்பணும்னா நாம ஒப்புதல் குடுக்கணும், பத்து செகண்டுக்குள்ள ஏதாவது ஒரு பட்டனை அமுக்குன்னு வந்துச்சு. அமுக்கலன்னா அதுபாட்டுக்குத் தாண்டிப் போயிடும், டிரைவர் ஏறாது. அவரும் உங்களை மாதிரியேதான் கேட்டார், நீலமா வந்துச்சான்னு. வரலன்னுட்டேன்.

இருங்க, உங்க போன். அவர்தான். எடுங்கண்ணா, எடுக்கலன்னா அடிச்சிட்டே இருப்பார். நான் கிச்சன்ல இருக்கேன்னு சொல்லுங்க.

பாத்தீங்களா, உங்ககிட்ட எவ்வளவு தன்மையா பேசறார். ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான். எங்கம்மா இன்னும் தங்கமான மாப்பிள்ளைன்னுதான் சொல்லிட்டிருக்காங்க. அந்த நீலத் திரையைப் பத்தி நீங்க அவர்கிட்ட சொல்லல. கவனிச்சேன்.

இவ்வளவு பெரிய கார்டு கேம் ஆடவா? ஐயோ, அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. திரும்பிப் பாருங்க, கதவுக்கு மேல கேமரா. இங்க ஒண்ணு, ஹால்ல ஒண்ணு, கிச்சன்ல ஒண்ணு, படுக்கிற ரூம்ல ஒண்ணு. திருடனுக்காகன்னு சொல்லி மாட்டினார். திருடன் என்ன, எங்க வீட்டுல வந்து தோசையா சுடப் போறான்? கேமராவுல வர்ற முகம் யாருதுன்னு இந்த மெஷின் கண்டுபிடிக்கும், அதுக்குத்தான் இவ்வளவு பெரிய கார்டு. நான் வாசலைத் தாண்டினா அவர் போன்ல மணி அடிக்கும். அடுத்த நிமிஷம் என் போன் அடிக்கும். எங்க போறே, யாரு வந்தா, எதுக்கு இவ்வளவு நேரம். டிரைவர் இல்லன்னா அந்தப் புரோக்ராம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

பாப்பா விழுந்த அன்னிக்கு ஹால்ல என்ன நடந்துச்சுன்னு நான் தேடிப் பாத்தேன். முந்தின நாள் பதிவு இருக்கு, மறுநாள் இருக்கு. அன்னிக்கு மட்டும் இல்ல. அதுக்கு மேல நான் யார்கிட்ட என்னத்தைக் கேக்க?

நேத்து காலையில படம் போனப்ப, நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லப் போறாரேன்னு பயந்தேன். அப்புறம் குப்பை கொட்டக் கதவைத் திறந்தேன். போன் அடிக்கல. உள்ள வந்து, சும்மா இன்னொரு தடவை திறந்தேன். அடிக்கல. பாப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கீழ தெருமுனை வரைக்கும் போயி நின்னேன். யாரும் ஒண்ணும் கேக்கல. வெயில் நல்லா சுள்ளுன்னு அடிச்சுது, இவ ஒரு நாயைப் பாத்துக் கத்திக் கத்திச் சிரிக்கிறா. அதுக்கப்புறம் சாயங்காலம் அந்த நீலத் திரை வந்தப்ப, நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன்.

முடிஞ்சுதா? ரீஸ்டார்ட் குடுத்துட்டீங்களா? ஐயோ. இல்ல, நீங்க சொன்ன வேலையைத்தானே செய்றீங்க, உங்களை ஒண்ணும் சொல்லல. அண்ணா, அதோ வருது. நீலம். கையை கீபோர்டுலேர்ந்து எடுங்க. உங்க கால்ல வேணா விழறேன், எடுங்க. ஏழு. ஆறு. பாப்பா, மாமா பக்கத்துல போகாதே, எதையும் தொடாதே, இங்க அம்மாகிட்ட வா. மூணு. ரெண்டு.

போயிடுச்சு.

உக்காருங்க, தண்ணி குடிங்க. இல்லண்ணா, போலீஸ்கிட்ட அப்புறம் போறேன், முதல்ல இந்த வாசலைத் தாண்டிக்கிறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. டிரைவர் இன்னும் ஏறல, கடைக்கு எடுத்துட்டுப் போயிதான் பாக்கணும்னு அவருக்குச் சொல்லிடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. மெஷின் உங்க கடையில இருந்தா எவனும் இங்க வந்து பட்டனை அமுக்கிட முடியாது. நாளைக்கு அவரே வந்து வாங்கிக்கட்டும்.

நீங்க அதை ரெண்டு கையாலயும் தூக்கிக்கோங்க, கதவை நான் பிடிச்சுக்கறேன். இந்தப் பை என்னோடது. கீழ அந்த வெள்ளை வண்டியில எங்க அக்கா இருக்கா. நீங்க பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டா.