நான்காவது கயிறு

நம்பிக்கைக்கு எங்கள் கடையில் விலை எண்ணூறு ரூபாய். பேரம் பேசுகிறவர்கள் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. நம்பி வருகிறவர்கள் மட்டுமே கொடுப்பார்கள்.

இது ஏமாற்று இல்லை, இன்ஸ்பெக்டர் சார். ஆஸ்டின் டவுனில் நான் கயிறும் தார்ப்பாயும் விற்கிறேன். அதற்கு முன் சிக்பேட்டையில் அப்பாவின் கடை. அங்கே பழகிய வழக்கம் இது. விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வோம். சரக்கில் ஒரு குறையைக் கண்ணில் படுகிற இடத்தில் வைப்போம். வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்துக் குதிப்பார். நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைப்போம், நல்லதை எடுத்து மாற்றிக் கொடுப்போம். அவருக்கு ஜெயித்த சந்தோஷம், எங்களுக்கு நியாயமான லாபம். ஐம்பது வருடத்தில் ஒருவர்கூடக் குறையோடு வீட்டுக்குப் போனதில்லை.

ஷ்ரேயாஸுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பெரிய பட்டம் ஒன்று காற்றில் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்குகிற விளையாட்டில் பைத்தியம். பெங்களூரில் கடல் இல்லாததால் லீவு கிடைத்தால் மங்களூர்ப் பக்கம் ஓடுவார். பட்டத்துக்கும் அவர் கையிலிருக்கும் கட்டைக்கும் நடுவே நான்கு கயிறுகள், ஒவ்வொன்றும் இருபத்து நாலு மீட்டர். நான்கும் தேய்ந்துவிட்டன, மாற்றித் தாருங்கள் என்று போன பிப்ரவரியில் வந்தார். பின்கயிறு ஒன்று அறுந்தால் பட்டம் அடங்காது, சுழன்று சுழன்று ஆளை இழுத்துக்கொண்டே போகும் என்று அவரே விளக்கினார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நான்கு புதுக் கயிறு வெட்டினேன். மூன்றைக் கட்டினேன். இடது பின்கயிறு மட்டும் பழசு. பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்த ஒரு சாண் நீளத்தை மேலே தெரியும்படி சுருட்டி வைத்தேன். கண்ணை மூடித் தடவினாலும் அகப்படும். நான்காவது புதுக் கயிறு இழுப்பறையில் தயாராக இருந்தது.

சனிக்கிழமை காலை மனைவி அதிதியோடு வந்தார். ஐயாயிரம் என்றேன். நாலாயிரத்து இருநூறில் முடியும் என்பது என் கணக்கு. அவர் கயிற்றைப் பார்க்கவேயில்லை. பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார்.

"கரெக்டா இருக்கா பாருங்கோ, சந்தானம் அங்கிள்."

சமைத்தவள் எதிரே உட்கார்ந்திருக்க, பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்களே, அப்படி இருந்தது எனக்கு. பணத்தைக் கல்லாவில் போட்டேன்.

அப்போதுதான் அதிதி கயிற்றைத் தொட்டார்.

"ஷ்ரே, இது ஏன் நூல் நூலா வர்றது?"

"ஆரம்பிச்சுட்டியா? கத்திரிக்காய்க்கே அரை மணி நேரம் நிக்கறவ. அங்கிள் பார்த்துத்தான் போட்டிருப்பார்."

"உன்னை மாதிரி கேட்ட காசைக் கொடுத்தா வீடு விளங்கிடும்." என் பக்கம் திரும்பினார். "இது பழசா அங்கிள்?"

சரியான கேள்வி. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் அவர்தான் நல்ல வாடிக்கையாளர். ஆனால் ஒரு நிமிடம் தாமதம். கல்லாவுக்குள் போன பணத்துக்குப் பேரம் கிடையாது என்பது அப்பா காலத்து விதி. பழசு என்று ஒப்புக்கொண்டால் எண்ணூறு வெளியே வர வேண்டும்.

"புதுசும்மா. மெழுகு பூசினா அப்படித்தான் இருக்கும். ரெண்டு தரம் தண்ணியில நனைஞ்சா படிஞ்சிடும்."

"சாரி அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்கோ."

"பர்வாகில்லம்மா" என்றேன்.

பலகையைக் காரின் மேல் கட்டக் கால் மணி நேரம் ஆனது. கட்டுவதற்கு நைலான் கயிறு இலவசமாகக் கொடுத்தேன். சந்து குறுகல், ரிவர்ஸ் எடுக்கக் கை காட்டினேன். இழுப்பறை அதுவரை திறந்தேதான் இருந்தது. பில் புத்தகத்தில் அவருடைய செல் நம்பரும் இருந்தது. ஞாயிறு காலைவரை அவர் கடலில் இறங்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

பட்டம் அவரை அலைதடுப்புப் பாறைகள்வரை இழுத்துப் போனது நீங்கள் சொல்லித்தான் தெரியும். போட்டோவைக் காட்ட வேண்டாம், உள்ளே வையுங்கள். எது அறுந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நாங்கள் யாருடைய பொருளையும் வைத்துக்கொள்கிறவர்கள் அல்ல. நான்கு கயிற்றுக்குப் பணம் வந்திருக்கிறது, மூன்று போயிருக்கிறது. மற்றது இழுப்பறையிலேயே இருக்கிறது, அளந்து, நுனி கட்டி, பெயர் எழுதி. அதிதியம்மா எப்போது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்துக்கு நான் தர வேண்டியது ஒரு கயிறு, இருபத்து நாலு மீட்டர்.