பின்பலகைக்குக் கீழே

டெய்லரம்மா: அங்க வேணாங்க.

லிப்ட்காரர்: எங்க?

டெய்லரம்மா: அதான்... பின்பலகைக்குக் கீழ. நடுவுல வைங்களேன். எவ்ளோ எடம் சும்மா கெடக்கு.

லிப்ட்காரர்: ஏன், ஆழம் பாக்குற மிஷினப் பின்னாடி வச்சா படகு கோவிச்சுக்குமா?

டெய்லரம்மா: ஒயரு கால்ல மாட்டும்.

லிப்ட்காரர்: ஒயர ஓரமாக் கிளிப் அடிச்சுக் கொண்டு போயிருவேன். முப்பத்தஞ்சு வருஷம் லிப்ட் குழிக்குள்ள தொங்கிக்கிட்டே ஒயரிங் பண்ணவன்கிட்ட வந்து ஒயரப் பத்திப் பேசுற.

டெய்லரம்மா: அப்பக் கண்ணு தெரிஞ்சுது. ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரலைங்க...

லிப்ட்காரர்: சொன்னா என்ன, பொய்யா? அந்த டம்ளர்ல தண்ணி மொண்டு குடு. துறையில நின்னுக்கிட்டே குடு, சாயாத.

டெய்லரம்மா: ஊரே படகுக்குள்ள வர்ற தண்ணிய வெளிய எறைக்குது. நீங்க என்னடான்னா மொண்டு உள்ள ஊத்துறீங்க.

லிப்ட்காரர்: சோதனை பாக்கத்தான்டி. இந்தா, இதுக்குப் பேரு ட்ரான்ஸ்டியூசர்.

டெய்லரம்மா: அப்பா! பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மீன் ஓடிரும். கறுப்புக் கட்டின்னு சொல்லுங்க போதும்.

லிப்ட்காரர்: சரி, கறுப்புக் கட்டி. இது சத்தம் போடும். சத்தம் படகோட அடித்தட்டத் தாண்டி, தண்ணிக்குள்ள எறங்கி, ஏரித் தரையில முட்டித் திரும்பி வரும். எவ்ளோ நேரத்துல வந்துச்சுன்னு பாத்து அந்தத் திரை ஆழத்தச் சொல்லிரும். நடுவுல மீன் நின்னா மீனு, பாறை நின்னா பாறை.

டெய்லரம்மா: எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே.

லிப்ட்காரர்: நாப்பது வருஷமா நான் சொல்றதே உனக்குக் கேக்கல. இது எங்க கேக்கப் போவுது?

டெய்லரம்மா: ரொம்பத்தான். அடியில ஓட்டை போடணுமா?

லிப்ட்காரர்: ஓட்டையே வேணாம். ஃபைபர் படகு, உள்ளேயே ஒட்டிரலாம். குளியலறை ஜன்னலுக்கு அடிச்சேன்ல, அதே சிலிக்கான் பசை. ஒரு நாள் காயணும். ஆனா ஒண்ணு, நடுவுல காத்து மட்டும் இருக்கக் கூடாது. தட்டுக்குள்ள ஒரு குமிழி இருந்தாலும் சத்தம் அங்கயே நின்னுரும். அதான் மொதல்ல தண்ணி ஊத்தி எடம் பாக்குறது.

டெய்லரம்மா: காத்து இருந்தா... ஒண்ணுமே தெரியாதா?

லிப்ட்காரர்: ஒண்ணுமே தெரியாது. ஏன் குரல் எறங்குது?

டெய்லரம்மா: எங்க எறங்குச்சு? முன்னாடி வச்சுப் பாருங்க மொதல்ல.

லிப்ட்காரர்: வச்சாச்சு. கீச்சுன்னுச்சு பாரு, தரையப் புடிச்சிருச்சு. நம்பரப் படி.

டெய்லரம்மா: ரெண்டு... புள்ளி ஒண்ணு.

லிப்ட்காரர்: மீட்டரு. ஆள் முங்குற ஆழம். துறைக்குச் சரிதான்.

டெய்லரம்மா: அட, நெசமாவே வேலை செய்யுதே! இங்கயே ஒட்டிருங்க. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போவலாம்.

லிப்ட்காரர்: அலையில மூக்கு எம்பும்டி. எம்பினா அடியில காத்து பூந்துரும். பின்னாடிதான் சரி. சனிக்கிழமை பெரியவன் வர்றான்ல?

டெய்லரம்மா: வர்றான்.

லிப்ட்காரர்: படக வாங்கறவனையும் கூட்டிக்கிட்டு.

டெய்லரம்மா: பெத்த புள்ள, அவனுக்குப் பயம் இருக்காதா? அப்பாவுக்குக் கரையே தெரியல, பாறை எங்க தெரியப் போவுதுன்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்ல?

லிப்ட்காரர்: அதுக்குத்தான் இது. பாறை கிட்ட வந்தாக் கத்தும். சனிக்கிழமை அவன் கண்ணு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்துட்டா படகு நம்மகிட்ட இருக்கும். இல்லைன்னா அன்னிக்கே போயிரும்.

டெய்லரம்மா: போவாதுங்க. டாக்டர் சொன்ன மாதிரி கண்ணும் தெளிஞ்சிரும்.

லிப்ட்காரர்: தெளியும்னுதான சொன்னார்?

டெய்லரம்மா: ஆமா. கொஞ்சங் கொஞ்சமா தெளியும்னார்.

லிப்ட்காரர்: அப்புறம் என்ன கவலை. வா, வந்து பின்பலகையில உக்காரு.

டெய்லரம்மா: நானா? எனக்குத் தண்ணின்னாலே ஆவாதுன்னு தெரியாதா உங்களுக்கு?

லிப்ட்காரர்: ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டியிருக்கு. திரைய எந்த உயரத்துல வைக்கறதுன்னு பாக்கணும். ஆள் உக்காந்தாத்தான தெரியும்.

டெய்லரம்மா: உங்க உயரம் என்ன, எம் உயரம் என்ன...

லிப்ட்காரர்: வாடின்னா.

டெய்லரம்மா: ...ம். உக்காந்தாச்சு.

லிப்ட்காரர்: படகு ஆடவே இல்ல.

டெய்லரம்மா: என்னது?

லிப்ட்காரர்: தண்ணிக்குப் பயந்தவங்க ஏறினா ஆடும். சொன்னேன்.

டெய்லரம்மா: அது... நான் இளைச்சிட்டேன்.

லிப்ட்காரர்: ஆமாமா, துரும்பா இளைச்சிட்ட. திரை தெரியுதா? கழுத்தக் குனிய வேணாமே?

டெய்லரம்மா: கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க... ம், இப்பக் கச்சிதம்.

லிப்ட்காரர்: கால விலக்கு. கட்டிய இங்க வைக்கிறேன்.

டெய்லரம்மா: என்னங்க... வேணாங்க...

லிப்ட்காரர்: தண்ணிய ஊத்தி வச்சாச்சு. படி. நம்பர் என்ன?

டெய்லரம்மா: ரெண்டு புள்ளி... ரெண்டு.

லிப்ட்காரர்: கீச்சுன்னு சத்தமே வரலியே.

டெய்லரம்மா: கோடு கோடா இருக்குங்க. நம்பரே இல்ல.

லிப்ட்காரர்: ஒரு ஜாண் தள்ளி வைக்கிறேன். இப்ப?

டெய்லரம்மா: இப்பவும் கோடுதான்.

லிப்ட்காரர்: அப்பத் தட்டுக்குள்ள காத்து இருக்கு. முன்னாடியெல்லாம் கெட்டியாத்தான இருந்துச்சு. காத்து எப்படி உள்ள போச்சு?

டெய்லரம்மா: பழைய படகு... என்னென்னவோ ஆகும்.

லிப்ட்காரர்: ஆகும் ஆகும்.

டெய்லரம்மா: ...நான்தாங்க.

லிப்ட்காரர்: நீதான்னா?

டெய்லரம்மா: பெரியவன் வீட்டுல தங்கி ஆறு வாரம் கண்ணுக்கு ஊசி போட்டுக்கிட்டீங்கள்ல. ஸ்கூல் யூனிபார்ம் தலைக்கு மேல கெடக்குன்னு நான் வரல. தையல் இருந்துச்சு, அது பொய்யில்ல. ஆனா விடிஞ்சும் விடியாம... படக எடுத்தேன்.

லிப்ட்காரர்: நீயா!

டெய்லரம்மா: மொத நாளு இந்தத் துறையிலயே வட்டம் சுத்துனேன். துடுப்ப ஒரே பக்கம் போட்டாச் சுத்தும்னு யாரு சொன்னா எனக்கு? நாலாவது வாரம் அக்கரை வரைக்கும் போயிட்டேங்க. திரும்பறப்ப டமார்னு ஒரு பாறை. தண்ணி குபுகுபுன்னு... துண்ட வச்சு அடைச்சு, கால வச்சு அமுக்கிக்கிட்டே வந்து சேந்தேன்.

லிப்ட்காரர்: நீச்சல் தெரியாதேடி உனக்கு!

டெய்லரம்மா: உங்க லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டேன். முட்டி வரைக்கும் தொங்குச்சு.

லிப்ட்காரர்: அப்புறம்?

டெய்லரம்மா: ஃபைபர் துணியும் பசையும் வாங்கியாந்து நானே ஒட்டினேன். துணிதான, எனக்குத் தெரியாததான்னு நெனச்சேன். பெயிண்ட் கூட ஒத்துப் போச்சு. உள்ள காத்து மாட்டிக்கிட்டது யாருக்குத் தெரியும்?

லிப்ட்காரர்: எதுக்குடி இதெல்லாம்?

டெய்லரம்மா: ...டாக்டர் தெளியும்னு சொல்லலைங்க. ஊசி ஆரம்பிச்சப்பவே எனக்குப் போன் பண்ணினார், ஒரு கண்ணு போன மாதிரி இன்னொரு கண்ணும் போயிரும்னார். ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. காலையில கண்ணு முழிச்சா உங்களுக்கு இந்த ஏரிதான். அது இல்லாம நீங்க வீட்டுக்குள்ள சொவத்தத் தடவிக்கிட்டு... என்னால பாக்க முடியாதுங்க. யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போவணும்ல? அதான் கத்துக்கலாம்னு... கடைசியில படக ஒடச்சு வச்சேன். பெரியவனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வித்திருப்பான். திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

லிப்ட்காரர்: அழாத. ஏற்கெனவே ஒரு டம்ளர் தண்ணி படகுக்குள்ள இருக்கு.

டெய்லரம்மா: வெளையாடாதீங்க.

லிப்ட்காரர்: கையக் குடு... ஊர்லேர்ந்து வந்த மறுநாளே படகக் கவுத்துத் தொடச்சேன். கண்ணுக்குத் தெரியல, வெரலுக்குத் தெரிஞ்சுது. நாலு மூலையும் வட்டமா வெட்டின ஒட்டு. எந்தப் படகுக்காரன் மூலைய வட்டமா வெட்டுவான்? எஞ்சட்டைப் பையெல்லாம் நீ அப்படித்தான வெட்டுவ.

டெய்லரம்மா: தெரிஞ்சுக்கிட்டேதான் இங்க வச்சீங்களா? அட பாவி மனுஷா!

லிப்ட்காரர்: நீயாச் சொல்லுவன்னு மூணு மாசம் பாத்தேன். அழுத்தக்காரி, வாயத் தொறக்கல.

டெய்லரம்மா: அப்ப... கண்ணு விஷயம்?

லிப்ட்காரர்: மொதல்ல எங்கிட்டதான் சொன்னார். வீட்டுல சொன்னா அவ தாங்க மாட்டா, சொல்லாதீங்கன்னு அவர் கையப் புடிச்சுக் கேட்டேன். தலைய ஆட்டிட்டு உங்கிட்டயும் சொல்லியிருக்கார், நல்ல மனுஷன்.

டெய்லரம்மா: போறது தெரிஞ்சும் எதுக்குங்க இந்தத் திரை? நாளைக்கு நீங்க இதுல என்னத்தப் பாக்கப் போறீங்க?

லிப்ட்காரர்: நாப்பது வருஷத்துல இந்த ஏரிப் பாறை ஒண்ணு கூட என்ன முட்டுனதில்லடி, உன்னத்தான் முட்டுச்சு. உனக்குன்னுதான் வாங்கினேன். ஒட்டுக்கு ரெண்டு ஜாண் முன்னாடி கட்டிய ஒட்டிடுறேன், திரை இப்ப இருக்கற உயரத்துலயே இருக்கட்டும். சனிக்கிழமை பெரியவன் கரையில நின்னு பாக்கட்டும்... நீ ஓட்டு, நான் முன்பலகையில உக்காந்துக்கிறேன்.