அண்ணியின் கூடையில் ஒரு கண்டம்

ஒரு வேண்டுதலோடு பொன்னேரி முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் ஷேர் ஆட்டோ பஞ்சராகி நின்றது. டிரைவர் சக்கரம் மாற்றும்வரை எல்லோரும் மரநிழலில் ஒதுங்கினோம். பக்கத்தில் கோட்டைக்குப்பத்து மீன்காரம்மாவும் அவர் நாத்தனாரும். கூடையில் இறாலின் மேல் போட்டிருந்த ஐஸ் உருகி வழிந்தது.

"சந்தைக்குப் போறதுக்குள்ள எறா கெட்டுடும்டி," என்றார் மீன்காரம்மா.

"அண்டார்டிகானு ஒரு கண்டம் கீது அண்ணி. எம்பொண்ணு பாடத்துல வருது. தரையே ஐஸு," என்றாள் நாத்தனார்.

"அங்க ஒரு பாரு ஐஸு இன்னா வெல?"

"விக்கிறதுக்கு ஆளே இல்ல. ஆராய்ச்சிக்குப் போறவங்களும் பென்குயினும்தான்."

"அப்ப ராஜா யாரு?"

"யாருமில்ல. நாடெல்லாம் கூடிப் பேசி பொதுவுல வுட்டுட்டாங்க."

"நம்ம ஏரில மொற வெச்சு வல போடுறோமே, அந்த மாரியா? சண்ட வராது?"

"குளுர்ல எவன் அண்ணி சண்ட போடுவான்?"

மீன்காரம்மா கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தார். "ஆண்டவனப் பாரேன். ஐஸெல்லாம் அங்க கொட்டிட்டு, எறாவையும் என்னையும் இங்க வெச்சிகீறான்."

எனக்கும் மனசு கேட்கவில்லை. என் வேண்டுதலைத் தள்ளிவைத்து, முருகனிடம் அந்த இறாலுக்காக வேண்டிக்கொண்டேன்.

"ஏறுங்கம்மா!" என்றார் டிரைவர்.

"சீக்கிரம் ஓட்டு நைனா," என்று கூடையோடு ஓடினார் மீன்காரம்மா. "அண்டார்டிகா பாதி கரைஞ்சிப்போச்சு!"