கை நின்ற உயரம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த முதிய பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“நேத்து இன்ஜினியரு மடியில என் கேப்பை மூட்டையைத் தூக்கி வச்சுட்டேன்.”

“ஐயய்யோ, இன்னாத்துக்குக்கா?”

“எங்க ஊர்ல புது ஆஸ்பத்திரி கட்டிக்கினு இருக்காங்க. பெஞ்சு தரையோட தரையா கெடக்குது. டோக்கன் கூப்ட்டா, நான் எந்திரிக்கறதுக்குள்ள மூணு பேரு ஊசி போட்டுக்கினு வூட்டுக்கே போயிடுவாங்க. இன்ஜினியருகிட்ட சொன்னா சிரிக்கிறாரு. இன்னிக்கு சிமெண்ட்டு பூசிட்டா அவ்ளோதான்.”

“அதுக்கு மூட்டையா?”

“என் முட்டி பாரம் அவருக்கும் தெரியணும்ல? அந்த பெஞ்சுலயே உக்கார வச்சு, ‘இப்ப எந்திரிங்க தம்பி’ன்னேன்.”

“எந்திரிச்சாரா?”

“கையை நீட்டி எதையோ புடிக்கப் பாத்தாரு. அங்க ஒண்ணும் இல்ல. ‘கையை எடுக்காதீங்க தம்பி, புடிச்சு எந்திரிக்க கம்பி அங்கதான் வரணும்’னேன். மூட்டையோடவே டேப்பை எடுத்து, தரையிலேந்து கை வரைக்கும் அளந்துக்கினாரு.”