கயிற்று மாப்பிள்ளை

பழைய ஜீப் வைத்திருப்பவனுக்கு முதுகுவலியும் தீராது, நம்பிக்கையும் தீராது சார். எனக்கு இரண்டும் இருந்தன.

நான் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளன். நேர்கோடு போடுவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. என் சகலை, அதாவது என் மனைவியுடைய அக்காவின் கணவர், பாலம் கட்டும் பொறியாளர். இருவரும் ஒரே ஏலத்தில், ஒரே வருஷத்து ஜீப்புகளை எடுத்தோம். அவர் தன் வண்டிக்குக் கனமான பின் அச்சும், புது ஸ்பிரிங் பட்டைகளும், நல்ல ஷாக் அப்சார்பரும் போட்டார். நான் சீட்டுக்குப் புது உறை போட்டேன்.

பலன் என்னவென்றால், குடும்பத்தோடு எங்கே போனாலும் முதல் மேட்டிலேயே என் வண்டியின் பின்பக்கம் தொய்ந்து, தரையில் இடித்து நின்றுவிடும். சகலை திரும்பி வந்து, கயிறு கட்டி இழுப்பார். அவர் வண்டியிலிருந்து மாமனார் தலையை நீட்டுவார்.

"என்ன மாப்ளே, கயிறாவது கொண்டாந்தீங்களா? இல்ல அதுவும் பெரிய மாப்பிள்ளதான் தரணுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன். அப்படித்தான் எனக்குக் கயிற்று மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. ஒருமுறை என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கையை நான் மறக்கவில்லை.

பிறகு என் பின் அச்சில் விரிசல் விட்டது. வெல்டிங் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கடைக்குப் போங்க, கோயிலுக்குப் போங்க. மலை மட்டும் ஏறாதீங்க சார். ஏறுனா நான் பொறுப்பில்ல."

அந்தச் சமயத்தில் சகலைக்கு வெளியூரில் ஆறு மாத வேலை. வண்டியை என் கொட்டகையில் விட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "வாரத்துக்கு ஒருதடவ ஸ்டார்ட் பண்ணி வைங்க தம்பி. உங்கள விட்டா எனக்கு யாரு?"

பழைய வண்டியைக் குறைந்த செலவில் பலப்படுத்த வேண்டுமானால், அதே ரக வண்டியிலிருந்து பாகம் எடுங்கள் என்றுதான் எல்லா மெக்கானிக்குகளும் சொல்வார்கள். அதே ரக வண்டி என் கொட்டகையிலேயே நின்றது. நான் திருடவில்லை சார். எடுத்த ஒவ்வொன்றுக்கும் பதிலாக என்னுடையதை மாட்டினேன். முதல் ஞாயிறு ஷாக் அப்சார்பர். அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஸ்பிரிங் பட்டைகள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று, கடைசியாகப் பின் அச்சு.

சகலைக்கு ஒரு பழக்கம் உண்டு. நட்டை முடுக்கியதும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே அக்காவின் ரோஜா நிற நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்துவிடும். வெளியூர் கிளம்பும்போதெல்லாம் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார். கோடு நேராக இருந்தால் நிம்மதி. அச்சு யாருடையது என்று எந்த மனிதன் பார்ப்பான்?

அக்கா தங்கை இருவரும் எதை வாங்கினாலும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். அதே புட்டி என் மனைவியின் கண்ணாடி மேசையிலும் இருந்தது. அவர் வண்டிக்கு மாறிய என் அச்சின் ஒட்டுத் தழும்பில் பட்டி பூசி, மேலே கறுப்புச் சாயம் அடித்து, எட்டு நட்டுகளிலும் எட்டுக் கோடுகள் போட்டேன். என் சொந்த வண்டிக்கு ஒருநாளும் நான் இவ்வளவு நறுவிசாக வேலை செய்ததில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் வந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "என்னைவிட நல்லா வெச்சிருக்கீங்க தம்பி." தெருவில் ஒரு சுற்று ஓட்டியபோது குலுங்கியது. "நின்ன வண்டிதானே, போகப் போகச் சரியாயிடும்" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

அக்கா எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தார். ஏறி உட்கார்ந்து, "மலைமேல பாலம் பாக்கப் போறாராம் தம்பி. நானும் ரெண்டு நாள் கூட இருந்துட்டு வரேன்" என்றார்.

மலை என்ற சொல் எனக்கு நன்றாகவே கேட்டது. அந்த அச்சு என்னுடையது அண்ணே என்று சொல்ல மூச்சு அதிகம் செலவாகியிருக்காது. ஆனால் மறுநாள் மாமனாரை ஏற்றிக்கொண்டு நான் கல்குவாரி மேட்டை ஏறுவதாக இருந்தது. சகலையோ எறும்பு முந்திப் போகும் வேகத்தில் ஓட்டுகிறவர். தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

"கயிறு எடுத்துக்கிட்டீங்களா அண்ணே?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் என் நகைச்சுவைக்கு ஆட்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வளைவில் பின் சக்கரம் தனியாகப் போனது. வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. அக்கா அங்கேயே போய்விட்டார். சகலைக்கு இடுப்பு முறிந்தது. அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று உங்கள் கோப்பிலேயே இருக்கும்: "கோடு நேராத்தான் இருந்துச்சு சார். நான்தான் சரியாப் பாக்கல. என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்." அவரே ஒப்புக்கொண்டதால் வண்டியை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

நான்கு மாதமாக நான்தான் அவருக்குச் சோறு ஊட்டுகிறேன். ஒவ்வொரு வாய்க்கும் அதையே சொல்லி அழுவார். "உங்க மேல தப்பே இல்லண்ணே" என்பேன். நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அதைக் கேட்டு, என் நல்ல மனசுக்காக இன்னும் கொஞ்சம் அழுவார்.

நானாக, மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் இருப்பது என் மனைவி. சும்மா துணைக்கு வந்திருக்கிறாள். இன்று காலை அக்காவின் நகப்பூச்சுப் புட்டியைத் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைக்கப் போனாளாம். தான் ஒருமுறைகூடத் திறக்காத தன் புட்டி பாதி காலியாக இருந்திருக்கிறது. நேரே கொட்டகைக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக என் ஜீப்புக்கு அடியில் படுத்தாள். என் வண்டியின் நட்டுகளில் சகலை போட்ட பழைய கோடுகள், உடைந்து, கோணலாக. எட்டுக் கோடு போடத் தெரிந்த எனக்கு எட்டைத் துடைக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

தலைமுடியெல்லாம் மண்ணோடு எழுந்து, "சாவிய எடுங்க" என்றாள்.

அந்த ஜீப்பில்தான் வந்தோம். உங்கள் வாசல் மேட்டில்கூடக் குலுங்கவில்லை. அவள் கவனித்தாளா தெரியவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒரே ஒரு வேண்டுகோள் சார். சாட்சிப் பொருளென்று வண்டியை இங்கேதான் நிறுத்தி வைப்பீர்கள். அந்தப் பின் அச்சை யாரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.