மடக்கினால் கத்தி இல்லை

பெரிய கத்தி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இடுப்பில் செருகினால் குனிய முடியாது. பைக்குள் போட்டால் பையைக் கிழிக்கும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாக எழுந்து முன் சீட்டுக்குப் போய்விடுவார். சரி, வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்றால், வேண்டிய நேரத்தில் கையில் இருக்காது. இத்தனை சிரமம் எதற்கு என்று அவர்கள் ஒரு நாளாவது யோசித்ததாகத் தெரியவில்லை.

சாமி, திருவிழா அன்று நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் பாவம் என்று ஏதாவது இருக்கிறதா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம். கத்தியிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னுடையது பேனாக்கத்தி. காரைக்குடிச் சந்தையில் பூட்டுச்சாவி விற்பவரிடம் வாங்கியது. மடக்கினால் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். கொம்புப் பிடி. அலகின் முதுகில் நகத்தை வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம் உண்டு. இழுத்தால் டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு மனது லேசாகிவிடும். சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது. பென்சில் சீவலாம், பாக்கு வெட்டலாம், இன்லண்டு லெட்டரை எழுத்துக் கிழியாமல் பிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் இன்னொன்று. கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைத்துத்தானே எடுக்கச் சொல்வார்கள்? என் கத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. மடக்கினால் அது கத்தியே இல்லை. கேட்பவர் உள்ளங்கையில் தாராளமாக வைக்கலாம்.

யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. புதுவயல் மில்லில் மூட்டை எடை போடும் இடத்தில் எனக்கு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே சாக்குத் தையலைப் பல்லால் கடித்துத்தான் பிரிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். ஒருவருக்கு ஈறில் ரத்தமே வந்தது. துப்பிவிட்டு மறுபடி கடித்தாரே தவிர என் பக்கம் திரும்பவில்லை.

நீங்கள் போன ஆனியில்தான் எங்கள் பங்குச் சாமியாராக மாற்றலாகி வந்தீர்கள். அதனால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சவேரியார் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெட்டுகிற இரும்பு அத்தனையும் கோயிலுக்கு வந்துவிடும். அரிவாள்மனை, அருவாள், கதிர் அறுக்கிற அருவாள், காய் நறுக்குகிற கத்தி, எதையும் வீட்டில் வைப்பதில்லை. அறுப்புக்கு முன்னால் சாமியார் அவற்றை மந்திரித்துத் தருவார். ராத்திரி முழுக்கக் கோயில் கொட்டகையில் கிடக்கும். காலையில் முதல் பூசை முடிந்ததும் பெண்கள் அந்த அரிவாள்மனைகளிலேயே உட்கார்ந்து அசனச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவார்கள். மத்தியானம் ஊரே சாப்பிட்ட பிறகுதான் அவரவர் இரும்பு அவரவர் வீட்டுக்குப் போகும். மந்திரித்த இரும்பை எவனும் தொட மாட்டான் என்பதால் கொட்டகையைப் பூட்டுவதில்லை.

போன வருடம் நானும் என் கத்தியைக் கொண்டுபோய் அந்தக் குவியலில் வைத்தேன். விழாக் கமிட்டித் தலைவர் ஞானசேகர், என் மனைவி சந்தனமேரியின் அண்ணன், அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

"மாப்ள, இதெல்லாம் கத்திக் கணக்குல சேராது. பைக்குள்ள வச்சுக்கங்க."

"இதுவும் வெட்டும் மச்சான்."

"எத வெட்டுவீக? எறும்புக்குச் சவரம் பண்ணவா?"

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சந்தனமேரியும் ஒருத்தி. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது, சாமி. கோபம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு நல்ல பொருளின் அருமை தெரியவில்லையே என்ற வருத்தம்தான். தெரிய வைக்க வேண்டியது என் கடமை என்று பட்டது. அதற்கு ஒரே வழி, பெரிய கத்திகள் அரை நாள் ஒதுங்கி நிற்பதுதான்.

இந்த டிசம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்குச் சிவகங்கையிலிருந்து வந்திருந்த சாமியார் ஐம்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஊரே கோயிலுக்குள் இருந்தது. நாற்பத்தொரு அரிவாள்மனை, அறுபத்து மூன்று கதிரருவாள், பன்னிரண்டு அருவாள், ஒன்பது கத்தி. மில்லிலிருந்து கொண்டுவந்த எட்டுப் பழைய சாக்குகளில் சத்தம் வராமல் வைக்கோல் சுற்றிக் கட்டினேன். கொட்டகையின் அந்தக் கோடியில் சவேரியார் சப்பரம் ஜோடித்து நின்றது. அதன் பீடம் உள்ளே வெறும் கூடு, சுற்றிலும் சிவப்புத் துணி. துணிக் கயிற்றை அவிழ்த்து, எட்டு நடையில் எட்டு மூட்டையையும் உள்ளே அடுக்கி, பழையபடி கட்டி ஏழு முடிச்சுப் போட்டேன். சிலர் இதைத் திருட்டு என்கிறார்கள். திருட்டு என்றால் கொண்டுபோக வேண்டும். நான் இருபதடி தள்ளி வைத்தேன், அதுவும் புனிதரின் காலடியில்.

பூசை முடிந்ததும் கொட்டகையில் பெரிய கூச்சல். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். சுற்று ஊர்க்காரர்களையும் சேர்த்து இரண்டாயிரம் பேருக்குச் சமையல். பூசணிக்காய் மட்டும் ஒரு வண்டி. என் கணக்கு எளிமையானது. கத்தி இல்லை என்று திகைப்பார்கள், யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்பார்கள், நான் பையில் கை விடுவேன். இரண்டாயிரம் பேருக்கும் அதை வைத்தே நறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். முதல் பூசணிக்காயில் ஒரு கீற்று போட்டால் போதும் என்றுதான் இருந்தேன்.

சமையலுக்குத் தலைமை அடைக்கலமேரி. அந்தப் பெண்மணி இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் கோயில் படியில் போட்டு உடைத்தார். "ஒக்காந்து அழுதா ஒல வைக்க முடியுமா? ஒடைங்கடி," என்றார். அவ்வளவுதான். அவரைக்காயைக் கையால் ஒடித்தார்கள். கத்தரிக்காயைக் காம்போடு முழுசாகக் கொப்பரையில் போட்டார்கள். கீரையைப் பிய்த்தார்கள். வாழைக்காயை என்ன செய்தார்கள் என்று எழுத எனக்கு மனது வரவில்லை. நான் அவர்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். இரண்டு தடவை கத்தியைத் திறந்து மூடினேன். டக் என்ற சத்தம் நன்றாகவே கேட்டது. "அண்ணே, காயெல்லாம் கால்ல மிதிபடுது, அங்குட்டுத் தள்ளி நில்லுங்க," என்று ஒரு பெண் சொன்னாள்.

நடுவில் ஞானசேகர் என்னைக் கூப்பிட்டு, சைக்கிளில் புதுவயல் போய்ப் பத்து அரிவாள்மனையாவது இரவல் வாங்கி வரச் சொன்னார். போனேன். ஒரு டீ குடித்தேன். எவரும் தரவில்லை என்று வந்து சொன்னேன். நான் யாரையும் கேட்கவில்லை, ஆகவே எவரும் தரவில்லை என்பது பொய்யாகாது.

சாப்பாடு நாலு மணிக்குத்தான் தயாரானது. குழந்தைகள் பசியில் அழுதார்கள். முழுக் கத்தரிக்காய் ஒருவர் இலையிலிருந்து உருண்டு அடுத்தவர் இலைக்குப் போனது. சப்பரம் தூக்கும் பன்னிரண்டு பேரும் பசி தாங்காமல் ஆளுக்கு மூன்று ஆள் சோறு சாப்பிட்டார்கள். இதையெல்லாம் நான் திட்டமிடவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு, வெயில் தாழ்ந்த நேரத்தில், சப்பரத்தைத் தூக்கினார்கள். எழும்பவில்லை. மறுபடி முக்கினார்கள். ஒரு சாண் எழும்பி உட்கார்ந்துவிட்டது. வேறு பன்னிரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு மூட்டை அரிசி கனம் கூடுதலாக உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

"சவேரியாரு வர மாட்டேங்குறாரு," என்று ஒரு குரல் கேட்டது. காலையில் மந்திரித்த இரும்பு மறைந்தது, சாயங்காலம் புனிதர் நகர மறுக்கிறார். ஊரில் ஏதோ பெரிய பாவம் நடந்திருக்கிறது என்று பெண்கள் அழத் தொடங்கினார்கள். நீங்கள் சொல்லச் சொல்லக் கேளாமல் எல்லோரும் அந்த மண்ணிலேயே முழந்தாளிட்டார்கள். நானும் முழந்தாளிட்டேன்.

முதலில் அடைக்கலமேரி எழுந்தார். போன வருட அசனத்தில் ஒரு தூக்குச்சட்டி நெய்யை மாராப்புக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். சப்பரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், நகரவில்லை. ஏழு வருடமாகப் பேசாத ஓரகத்திகள் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நகரவில்லை. கடைசியில் ஞானசேகர் சப்பரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மாப்ள, ஒங்க வயக்காட்டு வரப்ப ஒரு மொழம் தள்ளிப் போட்டது நாந்தான். என்னய மன்னிச்சுருங்க."

எனக்கு அது புதிய செய்தி. எழுந்து போய் அவரைத் தூக்கி நிறுத்தி மன்னித்தேன். ஊரே கண்ணீர் விட்டது. எல்லோரும் ஆவலோடு சப்பரத்தைப் பார்த்தார்கள். அது நகரவில்லை. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். ஒருவர் மனம் திருந்தி அழும்போது குறுக்கே பேசுவது முறையா?

அப்போதுதான் நீங்கள் குனிந்து பீடத்தைத் தட்டிப் பார்த்தீர்கள். "அடியில் ஏதோ அடைத்திருக்கிறது. இந்தத் துணியை எடுங்கள்," என்றீர்கள். ஞானசேகர் முடிச்சுகளோடு மல்லுக்கட்டினார். ஏழில் ஒன்றுகூட அவிழவில்லை. நீங்கள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"யாரிடமாவது ஒரு கத்தி இருக்கிறதா?"

சாமி, ஆறு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஊரில் இரும்பே இல்லை. இரண்டாயிரம் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்று பிறகு பலரும் சொன்னார்கள். சப்பரத்தை அப்படியே கொட்டகையில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், ஆள் ஓய்ந்த பிறகு நான் மூட்டைகளை எடுத்துத் திரும்ப வைத்திருக்கலாம். இதெல்லாம் அந்த நொடியிலேயே எனக்கும் தெரிந்திருந்தது. துணி விலகினால் சாக்கு தெரியும், சாக்கில் மில்லின் பெயர் அச்சடித்திருக்கிறது, அந்த மில்லுக்கு இந்த ஊரிலிருந்து போகிறவன் நான் ஒருவன்தான். எல்லாம் தெரிந்துதான் கையைத் தூக்கினேன்.

"என்கிட்ட இருக்கு சாமி."

கூட்டம் விலகி வழி விட்டது. மடக்கிய கத்தியை உங்கள் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன், பிறகு மனது கேட்கவில்லை. நானே நகத்தை வைத்து இழுத்தேன். அத்தனை பேர் நின்ற இடத்தில் அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். கயிறு பெருவிரல் தடிமன். ஒரே இழுப்பு. பிசிறு இல்லாமல் அறுந்தது. அதற்குப் பிறகு மூட்டைகள் சரிந்ததும், அரிவாள்மனைகள் உருண்டதும், ஞானசேகர் சாக்கிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்ததும், வரப்பை உன் பக்கம் இன்னும் ஒரு முழம் தள்ளுவேன் என்று கத்தியதும் உங்களுக்கே தெரியும்.

ஆக, இரும்பை ஒளித்தது நான். சாப்பாடு தாமதமானது என்னால். சப்பரம் நகராததும் என்னால். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பெருமைக்காகச் செய்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. பிஷப் ஆண்டவருக்கு நீங்கள் அனுப்பும் அறிக்கையில் கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அறுக்கும்போது ஓரக்கண்ணால் சந்தனமேரியைப் பார்த்தேன். முன் வரிசையில்தான் நின்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை, வாயைத் திறந்தபடி அப்படியே அசந்துபோய் நின்றாள். அங்கிருந்து நேராகத் தெருக்கோடியில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், பதினோரு நாளாகியும் திரும்பவில்லை. அந்த வெட்டைப் பற்றி அவரிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.