குளிசைக் கூடு

கிருமிக்கும் பொட்டு உண்டு என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண் தன் மாமியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கிருமிக்குள்ளை புரதம் கட்டுறதுக்குச் சாமான் காவிக்கொண்டு வாற ஆர்.என்.ஏ. எண்டு ஒண்டு இருக்கு, மாமி. அதிலை ஒரு சின்ன இரசாயனப் பொட்டு. அந்தப் பொட்டை அழிச்சால் மருந்தை வெளியிலை தள்ளக் கிருமிக்குத் தெம்பு இராது. நாங்கள் கம்பஸ் ஆய்வுகூடத்திலை உதைத்தான் ஆராயிறம்."

"அப்ப மாமாவின்ரை காலிலை இருக்கிறதையும் அழியன்."

"அதுக்கு இன்னும் கன வருசம் செல்லும். மாமாவுக்கு வந்தது சரியான முரட்டுக் கிருமி. பத்து நாள் மருந்துக் குளிசைக்கும் அடங்கேல்லை. அதாலைதானே இண்டைக்கு விரலை எடுக்கினம்."

மாமி யன்னல் பக்கம் திரும்பினார். கோப்பாய் தாண்டியதும் அவள் பக்கம் சாய்ந்தார்.

"அவர் குளிசை போடேல்லை, பிள்ளை."

"என்ன?"

"இரண்டு நாள்தான் போட்டவர். மிச்சத்தை வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை எறிஞ்சுபோட்டார். டொக்டரிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர்."

"ஐயோ மாமி! மருந்து கேக்கேல்லை எண்டு நினைச்செல்லே வெட்டப்போகினம்! ஏன் எறிஞ்சவர்?"

"நீதானே அண்டைக்குச் சாப்பிடேக்கை சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீ, மருந்தை அடைச்சிருக்கிற குளிசைக் கூடு மாட்டெலும்பிலை செய்யிறதெண்டு. அவர் பிறந்ததிலையிருந்து சைவம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தாள். பஸ் நிலையத்தில் நான் இறங்கும்போதும் அது அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.